சுசான் லெங்லென்

சுசான் லெங்லென் (மே 24, 1899 – ஜூலை 4, 1938) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த டென்னிஸ் வீராங்கனை ஆவார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை வென்றவர். முதலாம் உலகப்போர் முடிந்து போட்டிகள் மீண்டும் தொடங்கிய 1919 முதல், அமெச்சூர் ஆட்டத்தை விட்டு விலகிய 1926 வரை ஒற்றையர் ஆட்டங்களில் இவர் ஒரே ஒரு முறைதான் தோல்வியுற்றார். அத்தோல்வியும் ஆட்டத்தின் நடுவில் விலகியதால் ஏற்பட்டது. 1926 ஆம் ஆண்டில் பணம் பெற்று ஆடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் உள்ளரங்கில் தொடங்கிய சுற்றுப்பயணத்தின் முதன்மை ஆட்டக்காரராக விளங்கினார். பெண்கள் தொழில்முறை உள்ளரங்க ஒற்றையர் டென்னிஸின் வரலாறு பெரும்பாலும் அந்த இரவிலிருந்தே எழுதப்படுகிறது.

இளமை

லெங்லென் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் லெங்லென், தாய் அனாயிஸ். சார்லஸ் தம் குடும்பத்திலிருந்து வந்த குதிரை வண்டிப் போக்குவரத்துத் தொழிலை விற்றுவிட்டு வசதியாக வாழ்ந்தவர். குடும்பம் வட பிரான்சில் கொம்பியேன் அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலும், குளிர்காலத்தில் தெற்குக் கடற்கரை நகரான நீஸிலும் மாறிமாறி வசித்தது. நீஸில் இவர்களின் வீட்டுக்கு எதிரிலேயே டென்னிஸ் கழகம் அமைந்திருந்தது. சிறுமி சுசானுக்கு ஆஸ்துமா உள்ளிட்ட உடல்நலக் குறைவுகள் இருந்தன. உடலை வலுப்படுத்த உதவும் என்று எண்ணி 1910 ஆம் ஆண்டில் தந்தை ஒரு மட்டையை வாங்கிக் கொடுத்தார். மகளின் திறமை உடனே வெளிப்பட்டதால், விளையாட்டுக்காக வாங்கிய மட்டை விரைவிலேயே குடும்பத்தின் முழுநேரப் பணியாக மாறியது.

சார்லஸ் தேர்ந்த டென்னிஸ் ஆட்டக்காரர் அல்லர். சிறந்த ஆட்டக்காரர்களைக் கூர்ந்து கவனித்து, அவர்கள் பந்தை எங்கே, எப்படி அடிக்கிறார்கள் என்பதை அறிந்து, அதையே மகளுக்குப் பயிற்சியாக அளித்தார். களத்தில் கைக்குட்டையை விரித்து அதன்மீது பந்தை விழச் செய்யுமாறு கூறுவார் என்றும், இலக்கைப் படிப்படியாகச் சிறிதாக்கி இறுதியில் நாணயத்தை வைப்பார் என்றும் கூறப்படுகிறது. பெண்களின் ஆட்டம் அக்காலத்தில் பெரும்பாலும் களத்தின் பின்பகுதியிலிருந்தே நடைபெற்றது. சார்லஸ் தம் மகளை ஆண்களோடு ஆடவைத்து, வலையருகே வந்து பந்தை அடிக்கவும் பழக்கினார். மகள் தவறு செய்தால் பலர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளும் கண்டிப்பானவர் அவர். பிற்காலத்தில் லெங்லென் வெளிப்படுத்திய பதற்றத்துக்கும் அழுகைக்கும் இந்த வளர்ப்பு முறையையே காரணமாகக் கூறுவோர் உண்டு.

1914 ஆம் ஆண்டில், பிரெஞ்சுக் கழகங்களின் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த பிரெஞ்சு வாகையர் போட்டியில் இறுதி ஆட்டம் வரை முன்னேறி, மார்கரீட் புரோக்கெடியிடம் தோற்றார். அதே ஆண்டு பாரிசை அடுத்த சேன் குளூவில் நடைபெற்ற உலகக் கடினத்தரை வாகையர் போட்டியில் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 15. (பெயரில் கடினத்தரை என்று இருந்தாலும் அப்போட்டி களிமண் தரையிலேயே நடந்தது, புல் அல்லாத தரைகளை அந்நாளில் அவ்வாறு அழைப்பது வழக்கம்.) சில வாரங்களில் உலகப்போர் மூண்டது. அடுத்த நான்கு ஆண்டுகள் பிரான்சிலும் விம்பிள்டனிலும் பெரிய போட்டிகள் ஏதும் நடைபெறவில்லை. லெங்லென் நீஸ் பகுதியில் பயிற்சியைத் தொடர்ந்தார்.

விம்பிள்டன் 1919

போர் முடிந்தபின் நடைபெற்ற முதல் விம்பிள்டன் போட்டிக்கு லெங்லென் 1919 இல் வந்தார். புல்தரையில் அவர் ஆடிய முதல் போட்டி அதுவே. அன்றைய விதிப்படி, முந்தைய வாகையர் தொடக்கச் சுற்றுகளில் ஆடவேண்டியதில்லை. மற்றவர்களுள் வெற்றி பெற்று வருபவரை இறுதியில் மட்டும் எதிர்கொள்வார். அவ்வாறு காத்திருந்தவர் ஏழு முறை பட்டம் வென்ற இங்கிலாந்தின் டோரதியா லாம்பெர்ட் சேம்பர்ஸ். அவருக்கு வயது 40, லெங்லெனுக்கு 20.

அரசர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் பார்வையாளர்களாக அமர்ந்திருந்த அந்த ஆட்டம் 44 கேம்கள் நீடித்தது. முதல் செட்டை லெங்லென் 10–8 என்று வென்றார். இரண்டாவது செட் 4–6 என்று சேம்பர்ஸுக்குச் சென்றது. களைப்புற்ற மகளுக்குத் தந்தை பார்வையாளர் பகுதியிலிருந்து பிராந்தியில் நனைத்த சர்க்கரைக் கட்டிகளை வீசினார். மூன்றாவது செட்டில் 6–5, 40–15 என்ற நிலையில் சேம்பர்ஸ் வெற்றிக்கு ஒரே புள்ளி தொலைவில் நின்றார். அப்படிப்பட்ட இரண்டு புள்ளிகளையும் லெங்லென் காப்பாற்றினார். அவற்றுள் ஒன்றில் பந்து மட்டையின் சட்டத்தில் பட்டு வலையைத் தாண்டி விழுந்தது. இறுதியில் 9–7 என்று வென்று பட்டம் பெற்றார். ஆங்கிலம் பேசாத நாடு ஒன்றிலிருந்து வந்து விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் பெண் இவரே. கேம்களின் எண்ணிக்கையில் இதைவிட நீண்ட பெண்கள் இறுதி ஆட்டம் விம்பிள்டனில் 1970 வரை நடைபெறவில்லை.

சேம்பர்ஸ் அந்த ஆட்டத்தில் கணுக்கால் வரை நீண்ட பாவாடையும் மணிக்கட்டு வரை நீண்ட கையும் கொண்ட உடையில் ஆடினார். லெங்லென் அணிந்திருந்தது குட்டைக் கை வைத்த, கெண்டைக்கால் அளவிலான மெல்லிய உடை. இறுக்கும் உள்கச்சை இல்லாமல் அவர் ஆடியதைச் சிலர் அநாகரிகம் என்றனர். ஆனால் பார்க்க வருவோர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது.

வெற்றிகள்

1919 முதல் 1923 வரை தொடர்ந்து ஐந்து முறையும், பின்னர் 1925 இலும் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் இவருக்கே கிடைத்தது. அந்த ஆறு ஆண்டுகளிலும் அமெரிக்கரான எலிசபெத் ரையனுடன் இணைந்து பெண்கள் இரட்டையர் பட்டத்தையும் வென்றார். 1920, 1922, 1925 ஆகிய மூன்று ஆண்டுகளில் கலப்பு இரட்டையரையும் சேர்த்து மூன்று பட்டங்களும் இவர் வசமாயின. 1925 ஆம் ஆண்டு ஒற்றையரில் பட்டம் வெல்லும் வரை எதிரிகள் அனைவருக்குமாகச் சேர்த்து இவர் விட்டுக்கொடுத்த கேம்கள் ஐந்து மட்டுமே. இடைப்பட்ட 1924 இல் மஞ்சள் காமாலையின் பின்விளைவால் அரையிறுதிக்கு முன் விலகினார்.

1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஒற்றையரிலும், மாக்ஸ் தெக்கூஜியுடன் ஆடிய கலப்பு இரட்டையரிலும் தங்கப் பதக்கங்களைப் பெற்றார். பெண்கள் இரட்டையரில் வெண்கலம் கிடைத்தது. ஒற்றையரில் ஆடிய பத்து செட்களில் இழந்த கேம்கள் நான்கு. பிரெஞ்சு வாகையர் பட்டத்தை 1920 முதல் 1923 வரையிலும், போட்டி பன்னாட்டு ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின் 1925, 1926 ஆண்டுகளிலும் வென்றார். உலகக் கடினத்தரைப் பட்டம் 1914 ஐத் தவிர மேலும் மூன்று முறை இவருக்குக் கிடைத்தது.

விம்பிள்டன் போட்டி வோர்ப்பிள் சாலையில் இருந்த பழைய திடலில் இடம் போதாமல், 1922 இல் சர்ச் சாலையிலுள்ள பெரிய திடலுக்கு மாறியது. லெங்லெனைக் காணத் திரண்ட கூட்டமே அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று டென்னிஸ் வரலாற்றாளர்கள் பலர் கருதுகின்றனர். நுழைவுச் சீட்டு விற்ற பணம் கழகத்துக்குச் சென்றது. பட்டம் வென்றவருக்குப் பணப்பரிசு கிடையாது. இந்தக் கணக்கு பின்னர் இவர் வாழ்க்கையில் முக்கியமாகிறது.

பாரிஸின் உடை வடிவமைப்பாளர் ழான் பத்தூ இவருக்காக ஆடுகள உடைகளை வடிவமைத்தார். தலையைச் சுற்றி லெங்லென் கட்டிய வண்ணப் பட்டுத்துணி, களத்துக்கு வெளியிலும் பெண்களிடையே பரவியது. பந்தை அடிக்கும்போது இவர் துள்ளிய விதம் நடனத்தோடு ஒப்பிடப்பட்டது. 1924 இல் தியாகிலேவின் ருஷ்ய பாலே குழு மேடையேற்றிய நீலத் தொடருந்து என்ற நாட்டியத்தில் வரும் டென்னிஸ் வீராங்கனைப் பாத்திரம் இவரை முன்மாதிரியாகக் கொண்டது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் இவரைத் தெய்விகப் பெண் என்ற பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தன. டென்னிஸ் பயிற்சி நூல்களோடு ஒரு புதினத்தையும் இவர் எழுதியுள்ளார்.

அமெரிக்கா, 1921

போரில் சிதைந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கு நிதி திரட்டும் நோக்கில் 1921 இல் லெங்லென் அமெரிக்கா சென்றார். உடல்நலமின்றிப் பயணம் செய்து, போட்டி தொடங்கும் தறுவாயில் வந்து சேர்ந்த அவர், போதிய ஓய்வின்றி ஃபாரஸ்ட் ஹில்ஸ் களத்தில் இறங்கினார். ஆட்டக்காரர்களைத் தரவரிசைப்படி பிரித்து அமைக்கும் முறை அப்போது அங்கு இல்லை. அதனால் இரண்டாவது சுற்றிலேயே அமெரிக்க வாகையர் மோலா மலோரியை எதிர்கொள்ள நேர்ந்தது. முதல் செட்டை 2–6 என்று இழந்தபின், இரண்டாவது செட் தொடங்கியவுடனேயே இருமியபடி நடுவரிடம் சென்று விலகுவதாகக் கூறினார். பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். தோல்வியைத் தாங்க மாட்டாமல் நோயைச் சாக்காகக் கூறினார் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அவர் அப்போது உண்மையில் நோயுற்றிருந்தார் என்பதில் ஐயமில்லை. எனினும் ஆட்டத்தை முடிக்காமல் வெளியேறியது அவர் பெயருக்கு நீங்காத களங்கமாயிற்று. மறு ஆண்டு விம்பிள்டன் இறுதியில் அதே மலோரியை 6–2, 6–0 என்று அரை மணி நேரத்துக்கும் குறைவாக வென்றார்.

கான் நகர ஆட்டம்

1926 பெப்ரவரி 16 அன்று கான் நகரின் கார்ல்டன் கழகத்தில் நடைபெற்ற ஒற்றையர் இறுதி, போட்டியளவில் சிறியது. ஆனால் அன்றைய உலகப் பத்திரிகைகள் அதற்கு அளித்த இடம் பெரியது. எதிரில் ஆடியவர் அமெரிக்க வாகையரான 20 வயது ஹெலன் வில்ஸ். இருவரும் ஒற்றையரில் மோதியது அந்த ஒரே முறைதான். சீட்டுக் கிடைக்காதவர்கள் சுற்றியிருந்த வீடுகளின் கூரைகளிலும் மரங்களிலும் ஏறி அமர்ந்தனர். லெங்லென் 6–3 என்று முதல் செட்டை வென்றார். இரண்டாவதில் வில்ஸ் பலமுறை முன்னிலை பெற்றார். லெங்லென் 6–5 என்று முன்னேறி வெற்றிப் புள்ளியை எட்டியபோது, வில்ஸ் அடித்த பந்து வெளியே விழுந்ததாகக் குரல் கேட்டது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர். மலர்க்கொத்துகளோடு கூட்டம் களத்துக்குள் வந்துவிட்டது. அப்போது கோட்டு நடுவர் முன்வந்து, வெளியே என்று கூறியது தாம் அல்ல, பார்வையாளர் ஒருவர் என்றும், பந்து சரியாகவே விழுந்தது என்றும் தெரிவித்தார். களம் காலி செய்யப்பட்டு ஆட்டம் தொடர்ந்தது. அந்த கேமை இழந்த லெங்லென், பின்னர் 8–6 என்று செட்டை முடித்தார். ஒருமுறை வென்றுவிட்டதாக எண்ணி மனம் தளர்ந்தபின் மீண்டும் திரண்டு ஆடிய இந்தச் சில நிமிடங்கள், 1921 இல் அவர்மீது சுமத்தப்பட்ட கோழை என்னும் பழிக்குத் தக்க விடை எனலாம்.

அவ்வாண்டு பிரெஞ்சுப் போட்டியின்போது வில்ஸ் குடல்வால் அழற்சியால் அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்ததால் மறு ஆட்டம் நடைபெறவில்லை.

விம்பிள்டன் 1926

விம்பிள்டன் போட்டியின் பொன்விழாவான 1926 ஆம் ஆண்டுத் தொடரில், ஆட்ட நேரம் குறித்த குழப்பத்தால் லெங்லென் களத்துக்குத் தாமதமாக வந்தார். அரசி மேரி அன்று அவர் ஆட்டத்தைக் காண வந்து காத்திருந்தார். ஒற்றையர் ஆட்டமும் இரட்டையர் ஆட்டமும் ஒரே நாளில் அமைக்கப்பட்டிருந்ததை மாற்றுமாறு தாம் கேட்டிருந்ததாகவும், அதற்குப் பதில் வரவில்லை என்றும் லெங்லென் தரப்பு கூறியது. அமைப்பாளர்கள் கண்டித்தபோது அவர் மனமுடைந்து அன்று ஆட மறுத்தார். அரசியை வேண்டுமென்றே அவமதித்தார் என்ற செய்தி பரவியது.

அதே தொடரில், பிரெஞ்சு இணையுடன்தான் ஆடவேண்டும் என்ற தம் நாட்டு அமைப்பின் விருப்பப்படி, நெடுநாள் இணையான ரையனைப் பிரிந்து, தீதி வ்லாஸ்தோவுடன் இரட்டையர் ஆடினார். ரையனும் மற்றோர் அமெரிக்கரான மேரி பிரவுனும் சேர்ந்து அவர்களை முதல் சுற்றிலேயே தோற்கடித்தனர். எந்தக் கூட்டம் ஏழு ஆண்டுகளாக அவரைக் கொண்டாடியதோ அதே கூட்டம் இப்போது வெறுப்பைக் காட்டியது. லெங்லென் தொடரிலிருந்து விலகினார். அதன்பின் அவர் விம்பிள்டனில் ஆடவேயில்லை. இந்த நிகழ்வில் இரு தரப்பிலும் தவறு இருந்தது. ஆட்ட நேரத்தை அவர் தாமே சரிபார்த்திருக்கலாம். அமைப்பாளர்களும் மாற்றக் கோரிக்கைக்கு நேரே பதில் அளித்திருக்கலாம்.

தொழில்முறை ஆட்டம்

அக்கால டென்னிஸில் அமெச்சூர், தொழில்முறை என்ற இரு பிரிவுகள் சுவர் எழுப்பியதுபோல் பிரிந்திருந்தன. விம்பிள்டன் உள்ளிட்ட பெரும் போட்டிகள் யாவும் அமெச்சூர்களுக்கே உரியவை. பணம் பெற்று ஆடியவரும், பணத்துக்குப் பயிற்சி அளித்தவரும் அவற்றில் கலந்துகொள்ள இயலாது. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களுக்குப் பயணச் செலவு, தங்குமிடம், அன்பளிப்பு என்ற பெயர்களில் மறைவாகப் பணம் தரும் வழக்கம் இருந்ததை எல்லோரும் அறிந்திருந்தனர். வெளிப்படையாகப் பெறுவதுதான் குற்றம். குடும்பச் சொத்து உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு இடையூறாக இல்லை. லெங்லென் குடும்பத்தின் செல்வமோ 1926 அளவில் குறைந்து போயிருந்தது. தந்தையும் நோயுற்றிருந்தார்.

இந்த நிலையில் அமெரிக்க நிகழ்ச்சி அமைப்பாளர் சார்லஸ் சி. பைல் அவரை அணுகினார். அமெரிக்கக் கால்பந்து வீரர் ரெட் கிரேஞ்சைத் தொழில்முறை ஆட்டத்துக்குக் கொண்டுவந்து பெரும்பணம் ஈட்டியவர் இவர். விம்பிள்டன் நிகழ்ந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 1926 இல், 50,000 டாலர் ஊதியத்துக்கு லெங்லென் ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்தத் தொகையின் அளவை உணர ஓர் ஒப்பீடு உதவும்: அமெரிக்காவின் மிகப்புகழ் பெற்ற பேஸ்பால் வீரர் பேப் ரூத் அவ்வாண்டு முழுவதற்கும் பெற்ற சம்பளம் 52,000 டாலர். லெங்லெனின் ஒப்பந்தம் நான்கு மாதங்களுக்கானது.

எதிர் ஆட்டக்காரராக ஒப்பந்தம் செய்யப்பட்டவர், விம்பிள்டன் இரட்டையரில் அவரைத் தோற்கடித்த அதே மேரி பிரவுன். 1912, 1913, 1914 ஆண்டுகளின் அமெரிக்க வாகையரான அவருக்கு அப்போது வயது 35. ஆண்களில் 1924 ஒலிம்பிக் வாகையர் வின்சென்ட் ரிச்சர்ட்ஸ், ஹோவர்ட் கின்சி, ஹார்வி ஸ்னோட்கிராஸ், பிரான்சின் பால் ஃபெரே ஆகியோர் குழுவில் இருந்தனர். ஆனால் சுவரொட்டிகளில் முதலிடம் லெங்லெனுக்கே. ஒலிம்பிக் பட்டம் பெற்ற ஆண் ஒருவர் ஒரு பெண்ணின் ஆட்டத்துக்குத் துணை நிகழ்ச்சியாக ஆடியது அன்றைக்கு மட்டுமன்றி, பின்னரும் அரிதாகவே நிகழ்ந்தது.

முதல் ஆட்டம் அக்டோபர் 9, 1926 அன்று மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடைபெற்றது. (இது எட்டாம் நிழற்சாலையில் 1925 இல் திறக்கப்பட்ட கட்டடம். இப்போதைய அரங்கம் 1968 இல் வேறிடத்தில் திறக்கப்பட்டது.) குத்துச்சண்டைக்கும் பனிவளைகோல் பந்தாட்டத்துக்கும் பெயர்பெற்ற அந்த அரங்கின் தரையில் டென்னிஸ் களம் தற்காலிகமாக விரிக்கப்பட்டது. காற்றும் வெயிலும் இல்லை. மின்விளக்கொளியில், வேறு பின்னணியில், வேறு விதமாக எழும் பந்தை ஆடவேண்டும். திறந்தவெளிக் களிமண்ணிலும் புல்லிலும் வளர்ந்த லெங்லெனுக்கு இந்த மாற்றம் தடையாக அமையவில்லை. ஏறத்தாழ 13,000 பேர் பார்த்திருக்க 6–1, 6–1 என்று வென்றார்.

அதன்பின் குழு அமெரிக்கா, கனடா, கியூபா நாடுகளின் நகரங்களுக்கு 1927 பெப்ரவரி வரை பயணம் செய்தது. இரவில் ஆட்டம், பின்னர் தொடருந்துப் பயணம், அடுத்த ஊரில் மீண்டும் களம் விரித்தல் என்று நாட்கள் சென்றன. பிரவுனுடன் ஆடிய 38 ஆட்டங்களிலும் லெங்லெனே வென்றார். போட்டி என்ற அளவில் இதில் சுவை குறைவு என்பதை மறுக்க இயலாது. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தைத்தான் மக்கள் பார்த்தனர். ஆயினும் ஊருக்கு ஊர் சீட்டு வாங்கிப் பார்க்க அவர்கள் வந்தனர். பெண்கள் ஆடும் டென்னிஸை உள்ளரங்கில், சீட்டு விற்று, ஊதியம் கொடுத்து நடத்தி ஆதாயமும் பெறமுடியும் என்பது இந்தப் பயணத்தால் நிறுவப்பட்டது. பைலுக்கும் இதில் இலாபமே.

தம் முடிவுக்கான காரணத்தைச் சுற்றுப்பயண நிகழ்ச்சி நிரலில் லெங்லென் விளக்கியிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தம் ஆட்டத்தால் கழகங்களும் அமைப்புகளும் பெரும்பணம் ஈட்டியிருக்க, தாமோ நுழைவுக் கட்டணம் செலுத்தி ஆடவேண்டியிருந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். வேறு எந்தத் துறையிலும் உழைப்புக்கு ஊதியம் பெறுவது இழிவாகக் கருதப்படாதபோது டென்னிஸில் மட்டும் ஏன் என்றும், தற்போதைய விதிகளின்படி செல்வர் மட்டுமே இந்த ஆட்டத்தில் நிலைக்கமுடிகிறது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். இந்த வாதத்துக்கு அன்றைய டென்னிஸ் அமைப்புகள் அளித்த பதில் விலக்கல். அனைத்து இங்கிலாந்துக் கழகம் அவருக்கு வழங்கியிருந்த மதிப்புறு உறுப்பினர் தகுதியைத் திரும்பப் பெற்றது. அமெச்சூர் போட்டிகள் அனைத்தும் அவருக்கு மூடப்பட்டன.

பைல் அடுத்த ஆண்டு டென்னிஸைத் தொடரவில்லை. 1927 கோடையில் பிரித்தானியாவில் சார்லஸ் காக்ரன் என்ற அமைப்பாளர் நடத்திய சிறு சுற்றுப்பயணத்தில், ஜெர்மனியின் டோரா கோரிங் உள்ளிட்டோருடன் சில ஆட்டங்கள் ஆடி அனைத்திலும் வென்றார். அத்துடன் அவரது போட்டி ஆட்டம் முடிவுற்றது. அப்போது அவருக்கு வயது 28. பின்னர் அமெச்சூர் நிலைக்குத் திரும்ப மேற்கொண்ட முயற்சி ஏற்கப்படவில்லை.

குழுவில் இருந்த ஆண்களின் நிலை வேறு. ரிச்சர்ட்ஸும் கின்சியும் 1927 இல் அமெரிக்காவின் முதல் தொழில்முறை வாகையர் போட்டியின் இறுதியில் ஆடினர். அங்கிருந்து ஆண்களின் தொழில்முறை ஆட்டம் ஆண்டுதோறும் நடந்து வளர்ந்தது. லெங்லெனை முன்னிறுத்தித் தொடங்கிய முயற்சியின் பயன் ஆண்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எதிர்த்து ஆடத் தகுந்த பெண்கள் அமெச்சூர் பக்கத்திலேயே தங்கிவிட்டதால் பெண்கள் பிரிவு தொடரவில்லை. அடுத்த பெரிய பெண்கள் சுற்றுப்பயணத்துக்கு 14 ஆண்டுகள் ஆயின. 1941 சனவரியில் ஆலிஸ் மார்பிளும் மேரி ஹார்ட்விக்கும் அதே மேடிசன் ஸ்குவேர் கார்டனில் அதனைத் தொடங்கினர். அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினை 1968 இல் நீங்கியது. அவ்வாண்டு விம்பிள்டன் ஆண்கள் வாகையருக்கு 2,000 பவுண்டும் பெண்கள் வாகையருக்கு 750 பவுண்டும் பரிசாக வழங்கப்பட்டன. பரிசு வேறுபாட்டை எதிர்த்து 1970 இல் ஒன்பது பெண்கள் ஹியூஸ்டனில் தனியே ஆடத் தொடங்கினர். அதிலிருந்து உருவான வர்ஜீனியா ஸ்லிம்ஸ் சுற்றின் பல போட்டிகள் உள்ளரங்கிலேயே நடைபெற்றன. அந்தச் சுற்றின் ஆண்டிறுதி வாகையர் போட்டி 1979 முதல் 2000 வரை புதிய மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்துவந்தது.

பிற்கால வாழ்வு

லெங்லென் திருமணம் செய்துகொள்ளவில்லை. அமெரிக்கச் செல்வர் பால்ட்வின் பால்ட்வினுடன் அவருக்கு இருந்த உறவு 1930களின் தொடக்கத்தில் முறிந்தது. தந்தை சார்லஸ் 1929 இல் காலமானார். 1930களில் லெங்லென் பாரிஸில் டென்னிஸ் பயிற்சிப் பள்ளி நடத்தினார். தந்தையிடம் தாம் கற்ற துல்லியத்தைக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். 1935 இல் வெளிவந்த பிரித்தானிய நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றில் டென்னிஸ் ஆடும் சிறு வேடத்தில் தோன்றினார்.

1938 கோடையில் அவருக்குக் கடுமையான இரத்த நோய் இருப்பது தெரியவந்தது. நாளுக்கு நாள் நலிந்து, ஜூலை 4 அன்று பாரிஸில் காலமானார். கொடிய இரத்தசோகையே காரணமாக அறிவிக்கப்பட்டது. அவருக்கு வயது 39. இரண்டு நாட்களுக்கு முன்புதான், கானில் அவரிடம் தோற்ற ஹெலன் வில்ஸ் தம் எட்டாவது விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றிருந்தார். லெங்லெனின் உடல் பாரிஸை ஒட்டிய சேன் துவான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

நினைவு

1978 இல் பன்னாட்டு டென்னிஸ் புகழவையில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது. பிரெஞ்சு ஓப்பன் பெண்கள் ஒற்றையர் வாகையருக்கு வழங்கப்படும் கோப்பை சுசான் லெங்லென் கோப்பை என்று அழைக்கப்படுகிறது. ரோலண்ட் காரோஸ் திடலில் 1994 இல் கட்டப்பட்ட இரண்டாவது பெரிய அரங்குக்கு 1997 இல் இவர் பெயர் சூட்டப்பட்டது. ஏறத்தாழ 10,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்குக்குத் திறந்து மூடும் கூரை அமைக்கப்பட்டு, 2024 பிரெஞ்சு ஓப்பனில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் மழை நாட்களில் அங்கு நடைபெறும் ஆட்டங்கள் மூடிய கூரையின் கீழ், விளக்கொளியில் ஆடப்படுகின்றன.